விழிக்க மறுத்த கணிப்பொறி

நீங்கள் ஒரு பெரிய வாளிக்குள் ஏறி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குனிந்து அந்த வாளியின் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றி, உங்கள் வலிமை முழுவதையும் செலுத்தி மேலே தூக்குகிறீர்கள். வாளி தரையை விட்டு எழும்புமா? எழும்பாது. கைகள் வாளியை எவ்வளவு விசையுடன் மேலே இழுக்கின்றனவோ, அவ்வளவு விசை கால்களின் வழியே கூடுதலாக வாளியைக் கீழே அழுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த உங்களுக்கு இதில் வியப்பு இராது. வெளியிலிருந்து ஒரு கயிறு வந்து இழுத்தால்தான் வாளி எழும்பும்.

கணிப்பொறியும் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இது போன்ற ஓர் இக்கட்டில்தான் இருக்கிறது. அது எந்த வேலையைச் செய்யவும் ஒரு நிரல் வேண்டும். நிரல்கள் வட்டில் உறங்குகின்றன. வட்டிலிருந்து நிரலைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவதும் ஒரு வேலைதானே? அதற்கும் நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவது யார்?

தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. அந்த வாருக்குப் பெயர் பூட்ஸ்டிராப். அந்தச் சொல் சுருங்கித்தான் கணிப்பொறியைத் தொடங்குவதற்குப் 'பூட்' என்ற பெயர் வந்தது. இந்தத் தொடக்கம் எப்படி நிகழ்கிறது, நடுவழியில் நின்றுபோனால் பழுதை எப்படித் தேடுவது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். எடுத்துக்காட்டாக லினக்ஸ் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம்.

வெளியிலிருந்து வரும் கயிறு

அந்த நாளில் இக்கட்டைத் தீர்த்தது மனிதனின் விரல். 1975ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறியின் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள் இருந்தன. ஒவ்வொரு சுவிட்சையும் மேலும் கீழுமாகத் தள்ளி, சுழியும் ஒன்றுமாக, ஒரு குட்டி நிரலைக் கையாலேயே நினைவகத்தில் எழுத வேண்டும். அந்தக் குட்டி நிரலுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான்: காகித நாடாவிலிருந்தோ ஒலிநாடாவிலிருந்தோ அடுத்த நிரலைப் படித்து ஏற்றுவது. மின்சாரம் போய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து சுவிட்சுகளைத் தள்ள வேண்டியதுதான்.

இன்று அந்த விரலின் வேலையை மதர்போர்டில் உள்ள ஒரு சில்லு செய்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் இதில் எழுதியது அழியாது. செயலி விழித்தவுடன் முதல் கட்டளையை எந்த முகவரியில் தேட வேண்டும் என்பது அதன் மின்சுற்றிலேயே அமைந்துள்ளது. நம் மேசைக் கணிப்பொறிகளில் உள்ள செயலிகளுக்கு அந்த முகவரி, 4 கிகாபைட் எல்லைக்கு 16 பைட்டுகள் கீழே இருக்கிறது. சில்லில் உள்ள நிரல் அங்கே காத்திருக்கிறது. வாளியைத் தூக்கும் கயிறு இதுதான்.

ஐந்து பேர் ஓடும் தொடர் ஓட்டம்

பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். முதல் ஆள் ஓடி வந்து கையிலுள்ள கோலை இரண்டாம் ஆளிடம் கொடுப்பார்; அவர் மூன்றாம் ஆளிடம் கொடுப்பார். கணிப்பொறி தொடங்குவதும் அப்படித்தான். ஓடுவோர் ஐந்து பேர்.

முதலாமவர் மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்லும் மின்வழங்கிப் பெட்டி, 230 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னழுத்தங்களாக மாற்றுகிறது. இவை நிலைபெற்றதும் 'எல்லாம் சரி' என்று ஒரு சைகையை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. வழக்கமாக அரை நொடிக்குள் இது நடந்துவிடும். அந்தச் சைகை வரும்வரை செயலி அசையாது.

இரண்டாமவர், சற்று முன் நாம் கண்ட சில்லில் உள்ள நிரல். பழைய கணிப்பொறிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. இவர் நினைவகம், விசைப்பலகை, திரை, வட்டு எல்லாம் உள்ளனவா என்று சரிபார்ப்பார். பிறகு வட்டில் அடுத்தவரைத் தேடுவார்.

மூன்றாமவர், கிரப் என்னும் ஏற்றி. 1995ஆம் ஆண்டு எரிக் போலின் என்பவர் இதைத் தொடங்கினார். பெயரின் விரிவு 'கிராண்ட் யூனிஃபைடு பூட்லோடர்'. இயற்பியலில் வரும் மாபெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டின் ஆங்கிலப் பெயரை இது நினைவூட்டும். பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் மட்டுமே இவருடைய தொடக்க நிரலுக்குக் கிடைக்கும். ஓர் அஞ்சலட்டையில் எழுதும் எழுத்துகளின் அளவுதான் அது! எனவே அந்தச் சிறு நிரல் தன் மீதிப் பாகத்தைத் தேடி ஏற்றிக்கொள்ளும். யு.இ.எஃப்.ஐ. முறையில் இதற்கென்று வட்டில் தனிப் பகுதியே உண்டு.

நான்காமவர், கெர்னல். கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்புக்கு ஆங்கிலத்தில் கெர்னல் என்று பெயர். இயக்கு தளத்தின் பருப்பு இதுதான். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயக்கு தளம் எழுதி வருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. 2017 நவம்பரில் வெளியான உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் 500ம் லினக்ஸில் இயங்கின. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே.

ஐந்தாமவர், கெர்னல் இயக்கி வைக்கும் முதல் நிரல். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இன்று இதன் பெயர் சிஸ்டம்டி. கோப்புப் பகுதிகளை இணைப்பது, வலைத்தொடர்பைத் தொடங்குவது, கடைசியில் உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரையைக் கொண்டுவருவது ஆகியவை இவருடைய பொறுப்பு.

கோல் எங்கே விழுந்தது?

இப்போது கணிப்பொறி தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கெட்டுப்போய்விட்டது' என்று சொல்வதால் பயன் இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கோல் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போகும்போது விழுந்தது?

இந்தக் கேள்வியின் சிறப்பைப் பாருங்கள். மூன்றாமவர் கையில் கோல் இருந்ததை நாம் கண்டோமானால், முதல் இருவரும் அந்த ஓட்டத்தில் தம் வேலையைச் செய்து முடித்தார்கள் என்பது தானே தெரிகிறது. அவர்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதாவது, எது இயங்கவில்லை என்பதைக் காட்டிலும் எதுவரை இயங்கியது என்பதே நமக்கு அதிகம் சொல்கிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் அடையாளம் உண்டு.

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை என்றால் முதலாமவரே ஓடவில்லை. சுவரிலுள்ள சுவிட்சு, மின்கம்பி, எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையாகப் பாருங்கள். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தின் உச்ச மதிப்பு, அதை 1.414ஆல் பெருக்கினால் கிடைக்கும் சுமார் 325 வோல்ட். அந்த அளவுக்கு மின்னேற்றம் பெறும் மின்தேக்கிகள் உள்ளே உள்ளன. கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கலாம்.

விசிறி சுழல்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால், கோல் இரண்டாமவரிடம் நின்றுவிட்டது. ராம் எனப்படும் நினைவக அட்டை அதன் இடுக்கில் சரியாக அமராதது இதற்கு அடிக்கடி நேரும் காரணம். பல மதர்போர்டுகள் 'பீப், பீப்' என்று ஒலித்தோ, சிறு விளக்கை மினுக்கியோ குறையைச் சொல்லும். எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும்; உடன் வந்த கையேட்டைப் பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுகிறது, ஆனால் தொடங்குவதற்குரிய வட்டு இல்லை என்ற செய்தி வருகிறது என்றால், இரண்டாமவர் மூன்றாமவரைக் கண்டுபிடிக்கவில்லை. யாராவது ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு மறந்திருக்கலாம். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொற்களுடன் திரை நின்றால், கிரப்பின் சிறு நிரல் வந்துவிட்டது, மீதிப் பாகம் அகப்படவில்லை என்று பொருள்.

கிரப் தரும் பட்டியல் தோன்றி, அதன் பிறகு நின்றால் குறை நான்காமவர் பக்கம் இருக்கிறது. கெர்னலால் மேற்கொண்டு ஓட முடியாதபோது 'கெர்னல் பேனிக்' என்று அறிவித்துவிட்டு அப்படியே நின்றுவிடும். சில கணிப்பொறிகளில் விசைப்பலகையின் விளக்குகளும் அப்போது விட்டுவிட்டு எரியும்.

செய்திகள் மளமளவென்று ஓடி, ஓரிடத்தில் நின்று, 'எமர்ஜென்சி மோடு' என்று சொல்லிக் கடவுச்சொல்லைக் கேட்டால் கோல் ஐந்தாமவர் கையில் இருக்கிறது. மகிழுங்கள்! இயந்திரத்தின் பெரும்பகுதி நலமாக உள்ளது.

பெட்டிக்குள் இருக்கும் சாவி

மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் இடையில் நடக்கும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அது பலருக்கும் தெரியாதது.

வட்டைப் படிக்க, அந்த வட்டின் வகைக்கு ஏற்ற இயக்கி நிரல் கெர்னலுக்குத் தேவை. அந்த இயக்கி நிரலோ பல வேளைகளில் வட்டிலேயே இருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதை! வாளிக்குள் நிற்பவரின் இக்கட்டு இங்கே மறுபடியும் வந்துவிட்டது அல்லவா?

இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கெர்னலை ஏற்றும்போதே, தேவையான சாவிகள் அடங்கிய ஒரு சிறு மூட்டையையும் கிரப் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. இம்மூட்டைக்கு இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். கெர்னல் அந்த மூட்டையைப் பிரித்து, சாவியை எடுத்து, வட்டைத் திறந்து, மூலக் கோப்புப் பகுதியை இணைத்துக்கொள்கிறது.

கிரப் எப்படி வட்டைப் படித்தது என்று கேட்பீர்கள். கிரப் பெரும்பாலும் இரண்டாமவரின் உதவியுடன் படிக்கிறது. சில்லில் உள்ள நிரலிடம், 'இந்த வட்டில் இந்த இடத்தைப் படித்துக் கொடு' என்று கேட்டு வாங்குகிறது. கெர்னலோ அந்த உதவியை நாடாமல், தன் சொந்த இயக்கி நிரல்களைக் கொண்டு வட்டுடன் நேரடியாகப் பேசுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு இது தேவைப்படும்.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது

நான் பணியாற்றும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோடை விடுமுறை முடிந்து கதவைத் திறந்தோம். அங்கிருந்த லினக்ஸ் கணிப்பொறி ஒன்று தொடங்க மறுத்தது. அதில்தான் முதுகலை மாணவியர் இருவரின் உழைப்பு இருந்தது. மாடியில் வைத்த உணரிகளிலிருந்து 10 நிமிடத்திற்கு ஒரு முறை வெப்பநிலையைப் பதிந்திருந்தார்கள். ஒரு நாளைக்கு 144 அளவீடுகள். நவம்பர் முதல் ஏப்ரல் முடிய ஏறத்தாழ 26,000 அளவீடுகள். வேறெங்கும் நகல் இல்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரங்களே இருந்தன.

திரையில் கிரப் பட்டியல் வந்தது. லினக்ஸைத் தேர்ந்ததும் சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, இன்ன அடையாள எண்ணுள்ள வட்டுப் பகுதி இல்லை என்ற எச்சரிக்கையும், இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லும், விட்டுவிட்டு ஒளிரும் ஒரு கோடும் தோன்றின.

பழுது பார்க்க வந்தவர் அனுபவம் உள்ளவர். பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைக் கொண்டு கணிப்பொறியைத் தொடங்கி, வட்டுகளின் பட்டியலைக் கேட்டார். பட்டியலில் பென் டிரைவ் மட்டுமே இருந்தது.

"வட்டு போய்விட்டது, சார். புது வட்டு போட்டு மறுபடி லினக்ஸை ஏற்றிவிடலாம்" என்றார் அவர். மாணவியரில் ஒருவர் அழவே தொடங்கிவிட்டார். மற்றவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "சார், வட்டு போய்விட்டது என்றால், சற்று முன் திரைக்கு வந்த கிரப்பும் கெர்னலும் எங்கிருந்து வந்தன?"

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள்! அந்தக் கணிப்பொறியில் இருந்தது ஒரே ஒரு வட்டு. கெர்னல் அதில்தான் இருந்தது. கெர்னல் நினைவகத்திற்கு வந்துவிட்டது என்றால் வட்டை ஒருவர் படித்திருக்கிறார். இறந்த வட்டைப் படிக்க முடியாது. ஆக, சில்லில் உள்ள நிரலின் கண்ணுக்கு வட்டு தெரிகிறது. கெர்னலின் கண்ணுக்குத் தெரியவில்லை. குறை வட்டில் இல்லை. வட்டைக் காட்டும் முறையில் இருக்கிறது.

அடுத்து என்ன செய்தோம்? வழக்கமாகக் கெர்னலுக்கு 'குவயட்' என்ற கட்டளை கொடுக்கப்பட்டிருக்கும். அமைதியாக இரு என்று பொருள். கிரப் பட்டியலில் 'இ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் தொடங்கினோம். கெர்னல் வாய் திறந்தது. ஓடிய வரிகளை ஒரு மாணவி கைப்பேசியில் படம் பிடித்தார். நிறுத்தி நிறுத்திப் படித்ததில் விடை அகப்பட்டது. என்.வி.எம்.இ. வகை வட்டு ஒன்று மறைவாக இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டுமானால் பயாஸ் அமைப்பை ரெய்டு முறையிலிருந்து ஏ.ஹெச்.சி.ஐ. முறைக்கு மாற்றுங்கள் என்று கெர்னல் எழுதியே காட்டியிருந்தது!

ரெய்டு என்பது பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் முறை. அந்த அமைப்பில், வட்டைக் கட்டுப்படுத்தும் சுற்று ஒரு திரை போல நடுவில் நின்று வட்டை மறைத்துவிட்டது. பென் டிரைவில் இருந்த லினக்ஸும் கெர்னலைக் கொண்டதுதானே? அதனால்தான் அதன் கண்ணுக்கும் வட்டு தெரியவில்லை. அமைப்பைத் திருத்தினோம். கணிப்பொறி விழித்தது. 26,000 அளவீடுகளும் அப்படியே இருந்தன. அன்றே அவற்றை இரண்டு பென் டிரைவுகளில் நகல் எடுத்தோம்.

அமைப்பை மாற்றியது யார்?

இத்துடன் நிறுத்திவிடலாமா? கூடாது. விடுமுறையில் பூட்டிக் கிடந்த அறையில் அந்த அமைப்பை மாற்றியது யார் என்று தெரிய வேண்டாமா?

அமைப்புத் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தோம். 2018 ஜனவரி 1 என்று இருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

மதர்போர்டில் 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஒரு வட்ட மின்கலம் இருக்கும். அதன் பெயரான சி.ஆர். 2032 என்பதில் அந்த அளவுகளே ஒளிந்துள்ளன. அது தரும் மின்னழுத்தம் 3 வோல்ட். கணிப்பொறி அணைந்திருக்கும்போது உள்ளே ஒரு கடிகாரம் ஓட வேண்டுமே, அதை ஓட்டுவது இந்த மின்கலம். அங்குள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 2ஐ 15 முறை பெருக்கினால் வருவது இந்த எண்தான். எனவே 15 முறை இரண்டாக வகுத்தால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். கைக்கடிகாரத்தில் உள்ளதும் இதே படிகம்தான். பல கணிப்பொறிகளில் இந்த மின்கலம் தீர்ந்துபோனால் கடிகாரம் மட்டுமின்றி, பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும்.

கணிப்பொறியை அணைத்திருந்தாலும் சுவர் சுவிட்சு போட்டிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ். சிறிதளவு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். மின்கலத்திற்குச் சுமை குறைவு. விடுமுறையில் ஆய்வுக்கூடத்தின் முதன்மைச் சுவிட்சையே அணைத்திருந்தார்கள். முழுச் சுமையும் பழைய மின்கலத்தின் மேல் விழுந்தது. கழற்றி அளந்தபோது மல்ட்டிமீட்டர் 1.2 வோல்ட் காட்டியது. ஒரு சிறு மின்கலத்தின் தளர்ச்சியால் நல்ல வட்டு ஒன்று குப்பைக்குப் போக இருந்தது! மின்கலத்தை மாற்றாமல் விட்டிருந்தால், அடுத்த விடுமுறைக்குப் பின் இதே கதை மறுபடியும் நடந்திருக்கும்.

ஒரு சொல்: விண்டோஸும் சேர்ந்து இருக்கும் கணிப்பொறியில் இந்த அமைப்பைத் தொட்டால் விண்டோஸ் தொடங்க மறுக்கலாம். எதை மாற்றினாலும் முன்பிருந்த மதிப்பைத் தாளில் குறித்துக்கொண்ட பிறகே மாற்றுங்கள்.

கடைசி ஆள் தடுமாறும்போது

ஐந்தாமவரிடம் ஏற்படும் குறைகள் பெரும்பாலும் பொருளில் இல்லை, எழுத்தில் இருக்கின்றன. எந்தெந்த வட்டுப் பகுதியை எங்கெங்கே இணைக்க வேண்டும் என்று எழுதிய ஒரு பட்டியல் லினக்ஸில் உண்டு. அதன் பெயர் எஃப்எஸ்டேப். ஒவ்வொரு பகுதிக்கும் யு.யு.ஐ.டி. என்ற 128 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண் உண்டு. எழுதினால் 32 குறிகள் வரும். அதில் ஒரே ஒரு குறியைத் தவறாக எழுதினாலும் போதும். சிஸ்டம்டி அந்தப் பகுதிக்காக 90 நொடிகள் காத்திருந்து, வராததைக் கண்டு, எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். அந்த வரியைத் திருத்தினால் கணிப்பொறி பழையபடி ஓடும்.

வட்டு நிரம்பிவிடுவது இன்னொரு காரணம். கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும், மீண்டும் மீண்டும் அதே திரைக்கு வந்து நிற்கும். தேவையற்ற கோப்புகளை நீக்கினால் சரியாகும்.

புதிய கெர்னலை ஏற்றிய மறுநாள் தொடங்கவில்லை என்றால் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு' என்று தொடங்கும் வரியைத் திறந்து பாருங்கள். பழைய கெர்னல் அங்கே இருக்கும். அதைத் தேர்ந்து தொடங்கலாம்.

கையை வைக்குமுன்

நீங்கள் தேட இறங்கும்போது சில பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள்.

படித்த பிறகே எழுதுங்கள். அதாவது, பார்ப்பதாலும் படிப்பதாலும் கேடு இல்லை. வட்டில் எழுதத் தொடங்கினால்தான் ஆபத்து. ஃபார்மட் செய்வது என்பது எழுதுவதன் உச்சம். அதுவே முதல் யோசனையாக இருக்கக்கூடாது.

வட்டு தெரிகிறது, ஆனால் பழுதடைந்திருக்கலாம் என்று தோன்றினால், பென் டிரைவ் லினக்ஸிலிருந்து தொடங்கி உங்கள் கோப்புகளை முதலில் வேறிடத்திற்கு நகல் எடுங்கள். பழுது பார்ப்பது பிறகு. கோப்பு முறையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே என்ற கட்டளையை, இணைக்கப்பட்டு இயங்கும் பகுதியின் மேல் ஒருபோதும் ஏவாதீர்கள். இருப்பதும் குலைந்துபோகும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒருசேர மாற்றினால், பருமன் எதனால் மாறியது என்று சொல்ல முடியுமா? இங்கும் அப்படித்தான்.

பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். 'ஏதோ எர்ரர் வந்தது' என்று சொல்பவருக்கு எவராலும் உதவ முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கிய கணினிகள் பலவற்றில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுடன் சேர்ந்து இருந்தது. உங்கள் அண்ணனோ அக்காளோ அத்தகைய ஒன்றை வைத்திருக்கலாம். பள்ளியிலும் லினக்ஸ் கணிப்பொறி இருக்கலாம். உரியவரிடம் கேட்டுக்கொண்டு, நலமாக இருக்கும்போதே அதைக் கவனியுங்கள். நலமான ஓட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்கே பழுது கண்ணில் படும்.

கிரப் பட்டியலில் 'இ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'குவயட்' என்ற சொல்லையும், 'ஸ்பிளாஷ்' என்ற சொல் இருந்தால் அதையும் நீக்கி, எஃப் 10 விசையை அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. வட்டில் எதுவும் எழுதப்படாது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எண் இருக்கும். கெர்னல் ஓடத் தொடங்கியதிலிருந்து ஆன நொடிகள் அவை.

கணிப்பொறி முழுவதும் தொடங்கிய பின், கட்டளைத் திரையில் 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். கெர்னல் எத்தனை நொடிகள் எடுத்தது, சிஸ்டம்டி எத்தனை நொடிகள் எடுத்தது என்று தனித்தனியே சொல்லும். யு.இ.எஃப்.ஐ. கணிப்பொறியில் பல வேளைகளில் சில்லின் நிரலுக்கும் கிரப்புக்கும் ஆன நேரத்தையும் காட்டும். ஐந்து நாட்கள் அளந்து சராசரி காணுங்கள். ஓட்டக்காரர்களில் மெதுவானவர் யார் என்று தெரிந்துவிடும்.

இறுதியாக ஒரு கணக்கு. ஒரு கணிப்பொறியில் கிரப் பட்டியல் வருகிறது. முதல் வரியைத் தேர்ந்தால் 'கெர்னல் பேனிக்' என்று நிற்கிறது. பழைய கெர்னலைத் தேர்ந்தால் நன்றாகத் தொடங்குகிறது. அதே நாளில் நினைவக அட்டை ஒன்றையும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். 'அட்டைதான் காரணம்' என்கிறார் ஒருவர். 'வட்டுதான் காரணம்' என்கிறார் மற்றொருவர். நீங்கள் யாரை முதலில் சந்தேகிப்பீர்கள்? யாரை விடுவிப்பீர்கள்? உறுதி செய்துகொள்ள அடுத்து எந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பீர்கள்? காரணத்துடன் உங்கள் நோட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.